ஆள் இல்லாத ரூமில் ஃபேன்

இங்கன யாரும் வாராகளா? இல்லல்லா? அப்ப உக்காந்துக்கிடுதேன். ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும்மா, எனக்கு அந்தச் சாரல் ஆவாது. காலைலருந்து தூறிக்கிட்டே கெடக்கு பாருங்க, மனுசிய ஒரு காரியத்துக்குப் போவ விடுதா? ஏன் அவ்வளவு தள்ளுதீய? இடம் இருக்கு, இடம் இருக்கு. நான் ஒல்லிதான்.

போனுல பேசுனது காதுல விழுந்துச்சு, தப்பா நினைக்காதீய. "மகள ஹாஸ்டல்ல சேத்தாச்சு, இனிமே எனக்குக் கவலையில்ல"ன்னு சொன்னீயளே, அதக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எந்தக் காலேஜு? தாழையூத்துக்கிட்ட புதுசா கட்டியிருக்காகளே, அதுவா? ஓகோ. இந்தா கண்டக்டர் தம்பி, எனக்கும் தாழையூத்துதான், ஒண்ணு குடு. என்னத்துக்குப் போறேன்னு பொறவு சொல்லுதேன். முதத் தடவ மகளப் பாக்கப் போறீயளா? பையில முறுக்கு வாசம் வருதே. கொண்டு போங்க, கொண்டு போங்க. ஒண்ணு கூட அவ வாய்க்குப் போவாது, ரூமே சேந்து மொய்ச்சிரும்.

ஹாஸ்டலப் பத்தி எங்கிட்டக் கேளுங்க நீங்க. பதினாலு வருசம் லேடீஸ் ஹாஸ்டல்ல டெபுடி வார்டனா இருந்தவ நான். செண்பகவல்லின்னு பேரு, கோயில்பட்டிதான் சொந்த ஊரு. எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல மாட்டேன், பதினாலு வருசம் அவுக சோத்தத் தின்னிருக்கேன். எண்பத்து நாலு ரூமு, ரூமுக்கு மூணு பேரு. கூட்டிக்கிடுங்க.

பிள்ளையளா அதுக? பிஎச்டி படிக்கவளுக்கு ஒரு பக்கெட்டக் கவுத்து வைக்கத் தெரியாது. எம்.எஸ்சி. பிசிக்ஸு படிக்கவ, டியூப்லைட்டு எரியலைன்னா எங்கிட்ட வந்து நிக்கா. நீ என்னத்தட்டி படிக்கன்னு கேட்டா, "அது வேற மேடம்"ங்கா. வேறயாம். குழாய மூட மாட்டாளுவ, கதவச் சாத்த மாட்டாளுவ, லைட்ட அணைக்க மாட்டாளுவ. வாய மட்டும் நல்லாத் திறப்பாளுவ.

நான் சேந்த புதுசுல அந்த வராண்டாவ நீங்க பாத்திருக்கணும். இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் கொடி. கொடி பூரா துணி. சுடிதாரு, நைட்டி, துண்டு, அப்புறம் பஸ்சுல வச்சுச் சொல்ல முடியாததெல்லாம். நிமிந்து நடந்தா எவ பாவாடையாவது மூஞ்சில அடிக்கும். ஒரு தடவ டெல்லிலருந்து கமிட்டி வந்துச்சு, காலேஜுக்கெல்லாம் மார்க்குப் போடுவாகளே, அவுக. முந்துன நாளு நானே கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு அத்தன கொடியவும் அறுத்துட்டேன். "வராண்டாவில் துணி காயப்போடக் கூடாது"ன்னு நோட்டீஸ் எழுதி ஒட்டுனேன். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். கமிட்டிக்காரரு வராண்டாவப் பாத்துட்டு, "வெரி நீட்"டுன்னாரு. என்னப் பாத்துத்தான் சொன்னாரு.

மொட்டை மாடியா? அத அதுக்கு முந்தியே பூட்டியாச்சு. ஒருத்தி மேல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தா. யாருகிட்டன்னேன். அம்மாகிட்டன்னா. அம்மாகிட்டப் பேச மாடிக்கு எதுக்குட்டி ஏறணும்? அன்னிக்கே பெரிய பூட்டா வாங்கிப் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்பளப் பயலுவ ஹாஸ்டலு. இவளுவ துணி காயப்போடப் போறேன்னு மேல போவாளுவ, அவனுவ பல்லு தேய்க்கப் போறேன்னு மேல வருவானுவ. எனக்குத் தெரியாதா. சாவி என் இடுப்புல. பதினாலு வருசம் இந்த இடுப்ப விட்டு இறங்கல அந்தச் சாவிக் கொத்து.

என் துணியா? நான் மாடிலதான் போடுவேன். சாவிதான் எங்கிட்ட இருக்கே. பாதி மாடிக்குத் தகரக் கூரை உண்டு, மழை பெஞ்சாலும் காத்து அள்ளிட்டுப் போவும். ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிரும். நல்ல மாடிம்மா அது. அவ்வளவு பெரிய மாடி சும்மாவே கெடந்துச்சு.

சரி, கதைக்கு வாரேன். போன வருசம் புதுசா ஒரு விசி வந்தாரு, துணைவேந்தரு. வந்தவரு சும்மா இருக்கப்படாதா? கரண்டு அநியாயமாச் செலவாவுது, ஹாஸ்டலுக்கு ஹாஸ்டலு போட்டி வைப்போம், மூணு மாசத்துல எந்த ஹாஸ்டலு ரொம்பக் குறைக்குதோ அதுக்கு ஷீல்டுன்னுட்டாரு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நாலு ஹாஸ்டலு. எங்களது ஒண்ணுதான் லேடீஸு.

ஷீல்டு எனக்கெதுக்கு, அதுலயா சோறு பொங்கப் போறேன். ஆனா ரிஜிஸ்ட்ரார் என்னக் கூப்பிட்டு, "செண்பகம், ஷீல்டு மட்டும் உங்க ஹாஸ்டலுக்கு வரட்டும், உங்க பேரப் பெர்மனெண்டுக்கு நானே எழுதி அனுப்புதேன்"ன்னாரு. பெர்மனெண்டு. இந்த வார்த்தைய பதினாலு வருசமா வேற எல்லாரப் பத்தியும்தான் கேட்டிருக்கேன். எனக்கு வருசா வருசம் ஒரு தாளு வரும், கையெழுத்துப் போடணும். அந்தத் தாளு வாரதுக்கு முந்துன ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இருக்காது. ஏன்னா எனக்கு வீடு கிடையாதும்மா. கல்யாணம் ஆவல, அது வேற கதை. அந்த ஹாஸ்டல்ல கீழ முத ரூமு, அதுதான் என் வீடு. கட்டிலு, பீரோ, சாமி படம், எல்லாம் அங்கதான். பெர்மனெண்டு ஆயிட்டா என்ன யாரும் அங்கருந்து எழுப்ப முடியாதுல்லா.

போட்டிய நடத்த ஒரு புரொபசரப் போட்டாக. ஆல்வின் சாரு, சுற்றுச்சூழல் துறை. இந்தப் படிச்சவுகளுக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் ஸ்டிக்கர் ஒட்டிச் சரி பண்ணிருவாக. சுவிட்சுக்குச் சுவிட்சு ஒரு ஸ்டிக்கர்: "தோழியே, அணைத்தாயா?" அதுல ஒரு பொண்ணு படம், கண்ண முழிச்சுக்கிட்டு. ரெண்டு நாளு தாங்கல, எவளோ எல்லாப் படத்துக்கும் நெத்தில ஒட்டுப்பொட்டு ஒட்டி விட்டுட்டா. அப்புறம் ஒரு கூட்டம். பட்டப்பகல்ல ஆடிட்டோரியத்துல இருக்க அத்தன லைட்டையும் போட்டுக்கிட்டு, மைக்கப் பிடிச்சு மின்சாரத்தச் சேமிங்கன்னு ஒன்றரை மணி நேரம். வெளிய அவரு காரு ஏசியப் போட்டுக்கிட்டே நிக்கு, டிரைவரு உள்ள தூங்குதான். இவளுவ எல்லாரும் வலது கைய நீட்டி உறுதிமொழி எடுத்தாளுவ. கையப் பாத்தேன். அத்தன நகத்துலயும் பாலிஷு.

ஸ்டிக்கர் என்னத்தக் கிழிக்கும்? நான் எறங்குனேன். காலைல பதினோரு மணிக்கு, எல்லாரும் கிளாசுக்குப் போன பொறவு, ஒவ்வொரு தளமா நடந்தேன். எல்லா ரூமும் பூட்டியிருக்கு. வராண்டாவுல ஈ காக்கா இல்ல. நின்னு கேட்டா, உள்ள ஃபேன் ஓடுத சத்தம். ஒண்ணு ரெண்டு இல்லம்மா. அறுபத்தி ரெண்டு ரூமு. ஆள் இல்லாத ரூமுல ஃபேனு! பூட்டுன கதவுக்குப் பின்னால, யாருக்கோ காத்து வீசிக்கிட்டு. எனக்கு அப்பிடியே உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன திமிரு இருந்தா ஃபேனப் போட்டுட்டு ரூமப் பூட்டிட்டுப் போவாளுவ? அப்பன் வீட்டுல இப்பிடிப் போடுவாளுவளா?

சாயங்காலம் வரிசையா நிக்க வச்சுக் கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கால் விரலப் பாக்காளுவ. ஒருத்தி மட்டும் மெதுவா, "துணி மேடம்"ன்னா. என்ன துணி? "துவைச்ச துணி மேடம், கட்டிலுக்குக் கட்டிலு கயிறு கட்டிப் போட்டிருக்கோம், காயணும்லா." சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு பாத்தீயளா. ஃபேனுக்கு அடில துணியக் காயப் போடுதாளாம். நம்மள்லாம் அந்தக் காலத்துல ஃபேனுலயா காயப் போட்டோம்? வெயில்லதான போட்டோம்?

அப்புறம் என்ன, நான் என் வழில போனேன். காலைல ஒம்பது மணிக்கு மெயின அமத்திருவேன். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திரும்பப் போடுவேன். என் ரூமு மட்டும் தனி லைனு, அது ஸ்டாஃபு லைனு, கணக்குல வராது. எனக்கு வெந்நி இல்லாம ஆவாது. முத மாசம் மீட்டரப் பாத்தாக. நாலு ஹாஸ்டல்ல நாங்கதான் ஃபர்ஸ்ட்டு! ஆல்வின் சாரு ஓடி வந்து, "செண்பகம்மா, விழிப்புணர்வு வந்துட்டு பாத்தீயளா"ன்னாரு. விழிப்புணர்வாம். அது என் வெரலு சார், மெயின அமத்துன வெரலுன்னு சொல்லல. சிரிச்சுக்கிட்டேன்.

கயத்தாறு வந்துட்டா? பாத்தீயளா, பேசுனதே தெரியல.

கார்த்திகை மழை பிடிச்சுக்கிட்டு. ஹெல்த் சென்டர் நர்சு வந்து நிக்கா. மேரி சுகந்தின்னு பேரு, நல்ல பிள்ளைதான், ஆனா இவளுவளுக்கு ரொம்ப எடம் குடுப்பா. "அக்கா, உங்க ஹாஸ்டலு பிள்ளைய இருபது பேருக்கு மேல படை வந்திருக்கு, இடுப்புலயும் தொடைலயும், பாக்கவே பாவமா இருக்கு. ஈரத்துணியப் போடுதாளுவ போல, போடாதீகன்னு சொல்லுங்க"ன்னா. படை வராம என்ன செய்யும், ஒழுங்காக் குளிச்சாத்தான. ஆனாலும் என் கடமைய நான் செஞ்சேன். இன்னொரு நோட்டீஸ் எழுதுனேன். "ஈரத்துணி அணியாதீர்கள்." ஏற்கெனவே ரெண்டு இருந்துச்சுல்லா, "வராண்டாவில் துணி காயப்போடக் கூடாது", "ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக் கூடாது". மூணையும் வரிசையா ஒட்டுனேன். பாக்க அழகா இருந்துச்சு. மறுநாளு பாக்கேன், அடில எவளோ பென்சில்ல எழுதியிருக்கா, "சரி மேடம், இனிமேல் துவைக்க மாட்டோம்"ன்னு.

திமிரு. வேற என்னம்மா சொல்ல?

அதோட விட்டாளுவளா. சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்டு வந்ததும் இஸ்திரிப் பெட்டிய எடுத்துருதாளுவ. ஈரத்துணி மேல வச்சுத் தேய்க்காளுவ. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி, ஹாஸ்டலே வண்ணாந்துறை மாதிரி நாறுது. ரெண்டாவது மாசம் மீட்டரப் பாத்தா, ஃபேனு ஓடுனப்ப இருந்ததுக்கு ஒன்றரை மடங்கு. நாலாவது இடம்! கடைசி! ஆல்வின் சாரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு. நான் ரூமு ரூமாப் போயி இருபத்தேழு இஸ்திரிப் பெட்டியப் பறிச்சுட்டு வந்தேன். என் கட்டிலுக்கு அடில அடுக்கி வச்சேன். படுத்தா முதுகுல இடிக்க மாதிரியே இருக்கும்.

அப்பதான் அவா வந்தா. முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. கழுகுமலைப் பக்கம் ஏதோ பட்டிக்காடு. பிசிக்ஸு ரெண்டாம் வருசம். மெலிஞ்சு, கறுத்து, வாயில வார்த்தையே வராத மாதிரி நிப்பா, ஊமைக் கோட்டான். கையில ஒரு நோட்டு. "மேடம், ஒரு விசயம் சொல்லட்டா"ன்னா. சொல்லு. "நீங்க மெயின அமத்துறதுக்கு முந்தி, எந்த ரூமுல என்னிக்கு ஃபேன் ஓடுச்சுன்னு எழுதி வச்சிருக்கேன் மேடம். துவைக்காத நாள்ல ஒரு ரூமுல கூட ஓடல. துவைச்ச நாள்ல மட்டும்தான் ஓடுச்சு. மாடிக் கதவத் திறந்து விட்டுட்டாப் போதும் மேடம், மெயின அமத்தாமலே ஃபேன் தானா நின்னுரும். நம்மளே ஷீல்டு வாங்கிரலாம்"ங்கா.

நம்மளாம். நான் கேட்டேன், "ஏளா, பதினாலு வருசமா நான் கட்டிக் காத்த மாடிய, நீ நோட்டுல கோடு போட்டுக் காட்டுனதுக்காகத் திறந்து விடணுமா? எதுத்தாப்புல அவனுவ நின்னு உங்க உள்துணிய எண்ணுவானுவ, பரவாயில்லையா?" அவா சொல்லுதா, "தகரக் கூரைக்கு அடில, உள்பக்கமாப் போட்டா ரோட்டுலருந்து தெரியாது மேடம். நாங்க கீழ நின்னு பாத்துட்டோம்." கீழ நின்னு பாத்துட்டாளுவளாம்! அப்ப எத்தன நாளா என் மாடிய நோட்டம் விட்டுக்கிட்டு இருந்திருப்பாளுவ, யோசிங்க. நோட்ட வாங்கி மேசைல வச்சுட்டு, போய்ப் படிக்க வழியப் பாருன்னு அனுப்பிட்டேன். அப்பவும் அவா கோவிக்கல. "தேங்க்ஸ் மேடம்"ன்னு சொல்லிட்டுப் போறா. கோவிக்கவளக் கூட நம்பலாம்மா, இந்த மாதிரி தேங்க்ஸ் சொல்லுதவள நம்பவே கூடாது.

மார்கழி பொறந்துச்சு. விசி நேருல ஹாஸ்டலப் பாக்க வாராருன்னு சொல்லிட்டாக. கடைசி இடத்துல இருந்தாலும் இடத்தச் சுத்தமா வச்சுக் காட்டிட்டா மனசு மாறும்லா. வாசல்ல கோலம் போட்டு, பேனர் கட்டி, பூராப் பிள்ளையளயும் கிளாசுக்கு விரட்டி விட்டேன். நானே துவைச்சு மடிச்சு வச்ச பட்டுக்கரைச் சேலையக் கட்டிக்கிட்டு நின்னேன். பதினோரு மணிக்கு வந்தாரு. விசி, ரிஜிஸ்ட்ரார், ஆல்வின் சாரு, இன்னும் ரெண்டு ஆபீசருமாரு. கீழ் தளத்தப் பாத்தாக, நல்லாயிருக்குன்னாக. முத மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

படியேறி வராண்டாவுல கால வச்சதும் அப்பிடியே நின்னுட்டேன்.

இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் கொடி. நான் அறுத்த அதே தூணுல, நான் வாசல்ல கோலம் போட்ட நேரத்துல கட்டியிருக்காளுவ. அத்தனையும் ஈரத்துணி. சொட்டு சொட்டா வடியுது. சுடிதாரு, நைட்டி, பெட்ஷீட்டு, பாவாடை, எல்லாம். எல்லாம்மா! ஒண்ணையும் மறைக்கல. அஞ்சு ஆம்பளைய வரிசையா நிக்காக, அஞ்சு பேரும் அவுகவுக செருப்பப் பாக்காக. எனக்கு அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அவமானம். பதினாலு வருச மானமும் அந்தக் கொடில தொங்குது.

அந்தக் கோடில முப்பிடாதி நிக்கா. கிளாசுக்குப் போவல. வேற ஒரு நோட்ட வச்சிருக்கா. பயப்படுதா, ஆனா பேசுதா. "சார், இது இந்தத் தளத்துல இருக்கவங்க ஒரு நாளு துவைக்கிற துணி. இந்தக் கட்டடத்துல இதக் காயப்போட ஃபேனுக்கு அடியத் தவிர வேற இடம் இல்ல சார். கரண்டச் சேமிக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான்"ங்கா. விசி கேக்காரு, "ஏன், மொட்டை மாடி இல்லையா?" ரிஜிஸ்ட்ரார், ஆல்வின் சாரு, எல்லாரும் என் இடுப்பப் பாக்காக. விசி கைய நீட்டிட்டாரு. நானும் அவுத்துக் குடுத்துட்டேன். அந்த முடிச்சு லேசுல அவுற மாட்டேங்கு. அவரு பொறுமையா நின்னு வாங்கிக்கிட்டாரு.

மாடிக் கதவத் திறந்தாரு. அம்மாடி, அவ்வளவு பெரிய மாடி, தகரக் கூரைக்கு அடில ஒரே ஒரு கொடி, அதுல என் சேலை ரெண்டு, ரவிக்கை, பாவாடை. காத்துல ஆடிக்கிட்டிருக்கு. நல்லாக் காஞ்சிருந்துச்சு.

அதுல என்ன தப்புங்கேன்? நான் வயசானவ, என் பாவாடைய எவன் எட்டிப் பாக்கப் போறான்? விசி கொஞ்ச நேரம் அதப் பாத்துக்கிட்டே நின்னாரு. என்னத் திரும்பிப் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. நான் அத மரியாதைன்னுதான் எடுத்துக்கிட்டேன். வேற ஆளா இருந்தா நாலு பேருக்கு முன்னாடி ஏதாவது கேட்டிருப்பான்.

அன்னிக்குச் சாயங்காலமே மாடில இருபது கொடி கட்டிட்டாக. சாவிய வாசல்ல ஒரு ஆணில தொங்க விட்டுட்டாக, எவ வேணும்னாலும் எடுக்கலாம்னு. அத்தோட இவளுவ மெயினு பக்கமே என்னப் போவ விடல. மார்கழி மாச மீட்டரப் பாத்தா, மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. மூணு மாசத்தச் சேத்துப் பாத்தா நாங்க ஃபர்ஸ்ட்டு இல்ல, ஆனாலும் விசி ஷீல்ட எங்க ஹாஸ்டலுக்கே குடுத்துட்டாரு. நல்ல யோசனைக்காம். பொங்கல் கழிச்சு விழா. மேடைல ஏறி ஷீல்ட வாங்குனது யாருங்கீய? முப்பிடாதி. எல்லாரும் தட்டுதாக, எந்திரிச்சு நின்னு தட்டுதாக. மொத மாசம் நாங்க ஃபர்ஸ்ட்டு வந்தது யாராலன்னு ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? நான் கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். எனக்கு முன்னால ஒரு தூணு.

பங்குனில தாளு வந்துச்சு. கையெழுத்துப் போடுத தாளு இல்ல. இனிமே வேண்டாங்கித தாளு.

காலி பண்ணுன அன்னிக்கு அழுகை வந்துச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன். பதினாலு வருசம் படுத்த கட்டிலு, அது ஹாஸ்டலு கட்டிலு, எடுத்துட்டு வர முடியாது. ஆனா அவளுவ முன்னாடி அழுவேனா நான்? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த முப்பிடாதி வந்து என் டிரங்குப் பெட்டியத் தூக்குதா. வைட்டின்னேன். வைக்கல. ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வந்து, கால்ல விழுந்து, "நல்லாயிருங்க மேடம்"ன்னா. என்ன நடிப்பு பாருங்க. கண்ணு கூட கலங்குது, சண்டாளிக்கு.

கங்கைகொண்டான் தாண்டிட்டா? அப்ப பக்கத்துலதான்.

இப்ப கோயில்பட்டில தம்பி வீட்டுல இருக்கேன். ஏழு மாசமாவுது. தம்பி தங்கமானவன், அவன் பொண்டாட்டிதான்... என்னத்தச் சொல்ல. அந்த வீட்டுல எனக்கு இனிமே முடியாதும்மா. அதுக்குத்தான் இந்தப் பயணமே. உங்க மக இருக்க ஹாஸ்டல்ல வார்டன் நின்னுட்டாளாம், பேப்பர்ல போட்டிருந்தான், இன்னிக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இருக்க ரூமு குடுப்பாக, சாப்பாடு உண்டு. இது கிடைச்சாத்தான் எனக்கு ஒரு கட்டிலு. கும்பிடாத சாமி இல்ல. உங்க மக பேரென்ன? ஆதிரையா? அவளுக்கு ஒரு குறையும் வராது, கவலப்படாதீய. அனுபவஸ்தி கையில இருப்பா. மொதல்ல மாடிக்குப் பூட்டு இருக்கான்னு பாக்கணும்.

ஆனா பாருங்க, கிளம்புத நேரத்துல என்ன பாடு படுத்திட்டா அந்தத் தம்பி பொண்டாட்டி. மாடியப் பேங்குக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கா, அங்க நான் துணி போடக் கூடாதாம். வாசக் கொடில போடக் கூடாதாம், வார போறவுக பாத்தா அசிங்கமா இருக்காம். நான் ஒரு பொட்டச்சி, என் துணிய எங்கதான் போடுவேன்? நான் பாட்டுக்கு என் ரூமுல ஜன்னலுக்கும் பீரோவுக்கும் ஒரு கயித்தக் கட்டி, ஃபேனப் போட்டு விட்டுட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ரூமப் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போவேன். திரும்பி வரக்குள்ள காஞ்சிரும். இன்னிக்கு விடியக்காலைல இன்டர்வியூவுக்குன்னு இருக்க ஒரே நல்ல ரவிக்கையத் துவைச்சு, இந்தச் சேலையையும் அலசிப் போட்டுட்டுப் போனேன். வந்து பாக்கேன், ஃபேன் ஓடல. அவா மாத்துச் சாவி வச்சுத் திறந்து அணைச்சுட்டுப் போயிருக்கா! கேட்டா, "ஆள் இல்லாத ரூமுல எதுக்கு மைனி ஃபேனு?"ன்னு எங்கிட்டயே கேக்கா. எங்கிட்ட!

வேற ரவிக்கை இல்ல. ஈரத்தோடதான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். இந்தா, இந்தத் தோளத் தொட்டுப் பாருங்க. உங்க மேலயும் பட்டிருக்கும், அதான் முதல்ல தள்ளி உக்காந்தீயளோ? முதுகெல்லாம் அரிக்குது. இதோட போய் நாலு பெரிய மனுசருக்கு முன்னாடி உக்காரணும், நாறும்லா? அந்தச் சிறுக்கிக்கு இது தெரியாதா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்? ஒரு பொம்பளை துவைச்ச துணிய எங்கயும் காயப்போடக் கூடாதுன்னா அவ என்னதாம்மா செய்வா, சொல்லுங்க.

ஏன், என்னத்துக்கு என்ன அப்பிடிப் பாக்கீய?